முப்பத்தைந்து வயதுக்குப் பிறகு பல்கலைக்கழகம்: சுங்கை சிப்புட்டில் கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் சிலருக்குப் படிப்பு விண்ணப்பம் நிரப்ப உதவி செய்கிறேன். வருகிறவர்களில் செம்பனை மில்லில் ஷிஃப்ட் பார்ப்பவர் உண்டு. தோட்டத்து மண்டோர் (கங்காணி), பாலர் பள்ளி உதவி ஆசிரியை, லோரி ஓட்டுநர், விடியற்காலையில் ஃபேக்டரி பஸ் ஏறி ஈப்போவுக்குப் போகிற அக்காமார்களும் உண்டு. பாதிப் பேர் ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்பிஎம் எழுதியிருக்கிறார்கள், ஆனால் கிரெடிட் (நல்ல தேர்ச்சி) போதாது. மீதிப் பேர் மூன்றாம் படிவத்தோடு நின்றவர்கள். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பதை இங்கே எழுதி வைத்திருக்கிறேன்.

பவுண்டேஷன், அசாசி, மெட்ரிக்குலேஷன் என்கிறார்களே, எனக்கு 36 வயது. நான் சேர முடியுமா?

மெட்ரிக்குலேஷனை மறந்துவிடுங்கள். அது எஸ்பிஎம் முடித்த கையோடு வருகிற பிள்ளைகளுக்குக் கல்வி அமைச்சு நடத்துவது. 'நம் பிள்ளைகளுக்கு எத்தனை இடம்' என்று ஒவ்வொரு வருடமும் பத்திரிகையில் சண்டை நடக்கிறதே, அது அந்த வயதுக்காரர்களின் சண்டை.

தனியார் பல்கலைக்கழகத்தின் பவுண்டேஷனில் (மலாயில் அசாசி) வயதைக் காட்டி உங்களைத் தடுக்கமாட்டார்கள். ஆனால் எஸ்பிஎம்மில் 5 கிரெடிட் கேட்பார்கள். டிப்ளோமாவுக்கு 3 கிரெடிட், சர்டிஃபிகேட் படிப்புக்கு 1 கிரெடிட் போதும். பவுண்டேஷன் என்பது ஒரு வருடப் படிப்பு, குறைந்தது 50 பாடக் கிரெடிட் (இது பாடச்சுமைக் கணக்கு, எஸ்பிஎம் கிரெடிட் வேறு). பெரும்பாலும் பகல் வகுப்பு, பக்கத்து இருக்கையில் 18 வயதுப் பிள்ளைகள். அங்கே சரியாகப் பொருந்திப் போன பெரியவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. வேலையை விட்டுவிட்டுப் போக வேண்டும் என்பதுதான் முதல் இடி.

பிரிட்டனில் 'அக்சஸ்' டிப்ளோமா என்று, பள்ளியை விட்டு வெகுகாலம் ஆனவர்களைப் பல்கலைக்கழகத்துக்குத் தயார்படுத்தும் தனிப் படிப்பு இருக்கிறது. மலேசியாவில் ஏறக்குறைய அந்த இடத்தை நிரப்புவது ஏபெல். ஒரு வித்தியாசம் உண்டு. அங்கே ஒரு வருடம் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள். இங்கே உங்கள் அனுபவத்தை அளந்து பார்த்துக் கதவைத் திறந்துவிடுகிறார்கள், அவ்வளவுதான். தயாராவது உங்கள் பொறுப்பு. கீழே நான் எழுதப்போகிற பலவும் இந்த ஒரு விஷயத்தைச் சுற்றியே வரும்.

ஏபெல் என்றால் என்ன?

வேலையிலும் வாழ்க்கையிலும் கற்றதைக் கணக்கில் எடுத்து, பள்ளிச் சான்றிதழுக்குப் பதிலாகப் படிப்பில் சேர அனுமதிக்கும் ஏற்பாடு. இதை நடத்துவது எம்கியூஏ, அதாவது மலேசியத் தகுதி முகவாண்மை. 2007-ஆம் ஆண்டு 679-ஆம் சட்டத்தின் கீழ் அமைந்த அரசு நிறுவனம். அது நியமித்த மதிப்பீட்டு மையங்களும் தேர்வு நடத்துகின்றன.

சேர்க்கைக்கான ஏபெலுக்கு நீங்கள் மலேசியராக இருக்க வேண்டும். விண்ணப்பிக்கும் வருடத்தில் டிப்ளோமாவுக்கு 20 வயதையும், டிகிரிக்கு 21 வயதையும் தாண்டியிருக்க வேண்டும். படிக்கப்போகும் துறையோடு தொடர்புள்ள அனுபவம் வேண்டும். மாஸ்டர்ஸுக்கும் இந்த வழி உண்டு. அதற்கு 30 வயதைத் தாண்டியிருப்பதோடு ஆறாம் படிவத் தேர்வான எஸ்டிபிஎம் அல்லது டிப்ளோமா போன்ற ஒன்றும் கையில் இருக்க வேண்டும்.

மதிப்பீட்டில் முக்கியமாக இரண்டு பகுதி. ஒன்று திறனறித் தேர்வு, மற்றது போர்ட்ஃபோலியோ என்கிற அனுபவக் கோப்பு. சிலரை நேர்காணலுக்கும் கூப்பிடுவார்கள்.

ஏபெலில் தேறிவிட்டால் கையில் கிடைப்பது படிப்பில் சேர்வதற்கான அனுமதிச் சான்று. அதை எஸ்பிஎம்முக்குச் சமமான சான்றிதழ் என்று நினைத்து ஃபிரேம் போட்டு மாட்டியவர் உண்டு. அதை வைத்து வேலைக்கு விண்ணப்பிக்க முடியாது.

தோட்ட வேலையெல்லாம் அனுபவமாக ஏற்பார்களா?

ஏற்பார்கள். ஆனால் நீங்கள் எழுதிக் காட்டினால்தான். நம் ஆட்கள் தோற்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஒன்பது வருடம் மண்டோராக இருந்த ஒருவர் பாரத்தில் 'மண்டோர், 9 வருடம்' என்று ஒரே வரி எழுதிக் கொண்டுவருவார். சரி, காலையில் பெரட்டுக்கு (ஆள் கூடும் இடத்துக்கு) போய் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டால்தான் மற்றதெல்லாம் வெளியே வரும். ஆட்களைக் கணக்கெடுக்கிறார். யார் வரவில்லையோ அதற்கேற்ப வெட்டுக்காட்டைப் பிரித்துக் கொடுக்கிறார். உதிர்ந்து கிடக்கும் பழத்தைப் பார்த்துக் குலை பழுத்ததா என்று முடிவு செய்கிறார். செக்ரோலில் (ஆள், சம்பளப் பதிவேட்டில்) பதிகிறார். இந்தோனேசியத் தொழிலாளியிடம் மலாயிலும், வங்காளதேசத்துத் தொழிலாளியிடம் பாதி மலாய் பாதி சைகையிலும் பேசி வேலை வாங்குகிறார். யாருக்காவது முள் குத்தினால் முதலுதவி செய்து, தொழிலாளர் காப்புறுதி நிறுவனமான சொக்சோவுக்கு விபத்து அறிக்கை கொடுக்க, கிராணிக்கு (தோட்ட எழுத்தருக்கு) விவரம் சொல்கிறார். ஆள் நிர்வாகம், பதிவேடு, தரக் கட்டுப்பாடு, பணியிடப் பாதுகாப்பு என்று நிர்வாகவியல் பாடத்தில் தனித்தனி அத்தியாயமாக வருகிறவை இவை. வணிக நிர்வாகமோ மனிதவளமோ படிக்க விண்ணப்பிக்கிறவர் இந்த ஒவ்வொன்றையும் தனிப் பத்தியாக எழுத வேண்டும். என்ன பிரச்சினை வந்தது, என்ன செய்தீர்கள், அதில் என்ன கற்றீர்கள் என்ற மூன்றும் அந்தப் பத்தியில் இருக்க வேண்டும். மூன்றாவதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். மதிப்பீட்டாளர் தேடுவது அதைத்தான்.

சம்பளம் வாங்காத வேலையும் சேரும். கோயில் கமிட்டியில் பொருளாளராக இருந்து திருவிழாக் கணக்கு எழுதியிருந்தால் அது கணக்கியல் அனுபவம். தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கச் செயலாளராக இருந்து கூட்டக் குறிப்பு எழுதியிருந்தால், தோட்டத் தொழிலாளர் சங்கக் கிளையில் புகார் மனு எழுதிக் கொடுத்திருந்தால், அதெல்லாம் எழுத்துப் பணி, நிர்வாகப் பணி. கூட்டக் குறிப்பின் நகல், ஆண்டறிக்கையில் உங்கள் பெயர் வரும் பக்கம், தலைவரின் கையெழுத்துக் கடிதம் ஆகியவற்றைக் கோப்பில் வையுங்கள்.

முதலுதவிப் பயிற்சி, மருந்து தெளிப்புப் பயிற்சி, ஃபோர்க்லிஃப்ட், பாய்லர்மேன் சான்றிதழ் எதையும் 'இது சின்னது' என்று ஒதுக்காதீர்கள். அரை நாள் பயிற்சிக்குக் கொடுத்த தாள்கூடக் கோப்பில் ஒரு பக்கம்தான்.

நான் வேலை செய்த தோட்டமே இப்போது இல்லை. யாரிடம் கடிதம் வாங்குவது?

தோட்டம் விற்கப்பட்டு, லயம் (தொழிலாளர் வரிசை வீடுகள்) இடிக்கப்பட்டு, அந்த இடத்தில் தாமான் (வீடமைப்புப் பகுதி) வந்துவிட்டது. மானேஜர் எங்கே என்று யாருக்கும் தெரியாது. இது இங்கே பாதிப் பேரின் கதை.

உங்களுக்கு உதவுவது இபிஎஃப், அதாவது தொழிலாளர் சேமநிதி. எந்த முதலாளி எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை பணம் கட்டினார் என்பது அந்தச் சந்தாப் பதிவில் இருக்கிறது. பழைய வருடங்கள் கைப்பேசிச் செயலியில் கிடைக்காவிட்டால் ஈப்போ அலுவலகத்தில் நேராகப் போய்க் கேளுங்கள். அதோடு பழைய சம்பளச் சீட்டு, உங்களோடு வேலை பார்த்த கிராணி கொடுக்கும் கடிதம், வேலையிடத்தில் எடுத்த படம் எது இருந்தாலும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு தலைவலி பெயர். பிறப்புப் பத்திரத்தில் ஓர் எழுத்து, அடையாள அட்டையில் ஓர் எழுத்து, பழைய மூன்றாம் படிவத் தேர்வான எஸ்ஆர்பி சான்றிதழில் அப்பா பெயரே வேறு மாதிரி. அந்தக் காலத்துக் கிராணியின் காதில் விழுந்தபடி எழுதியது. விண்ணப்பம் போடுவதற்கு முன்பே சத்தியப் பிரமாண அதிகாரியிடம் போய் 'இரண்டும் ஒரே ஆள்தான்' என்று ஒரு சூராட் அக்குவான் எடுத்து வைத்துவிடுங்கள். கடைசி வாரத்தில் இது தெரிந்தால் ஒரு சேர்க்கைப் பருவமே போய்விடும். பள்ளிச் சான்றிதழ் தொலைந்திருந்தால் தேர்வு வாரியத்திடம் முடிவுகளை உறுதிப்படுத்தும் கடிதம் கேட்டு வாங்கலாம்.

திறனறித் தேர்வு கஷ்டமா?

மலாய், ஆங்கிலம், கணிதம், பொது அறிவும் சிந்தனைத் திறனும். எஸ்பிஎம் அளவுக்கு ஆழம் போகாது. ஆனால் சதவீதம், விகிதம், ஒரு வரைபடத்தைப் பார்த்துப் பதில் சொல்வது, ஒரு பத்தியைப் படித்துப் புரிந்துகொள்வது போன்றவை கை வர வேண்டும். இருபது வருடமாகப் பேனா பிடிக்காதவருக்குக் கணிதத்தைவிட வாசிப்பு வேகம்தான் காலை வாரும். உங்கள் பிள்ளையின் படிவம் மூன்று கணிதப் புத்தகத்தை எடுத்துச் செய்து பாருங்கள். பிள்ளையிடமே சந்தேகம் கேளுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அவர்களுக்கும் அது பிடிக்கிறது.

தமிழ்ப்பள்ளி, ரிமூவ் (புகுமுக) வகுப்பு, மூன்றாம் படிவம். இதுதான் என் படிப்பு. ஆங்கிலத்தில் எப்படிச் சமாளிப்பது?

இதுதான் முக்கியமான கேள்வி. ஆனால் கட்டணத்தை எல்லாம் கேட்டு முடித்த பிறகு, போகும்போது வாசலில் நின்றுதான் கேட்கிறார்கள்.

உள்ளே நுழைவது கடினமில்லை. முதல் இரண்டு செமஸ்டரைத் தாண்டுவதுதான் கடினம். பாடநூல் ஆங்கிலத்தில் இருக்கும், சில படிப்புகளில் மலாயில். பேச்சு மலாய் நமக்குத் தண்ணீர் பட்ட பாடு. எழுத்து மலாய் வேறு. 'அதனால்', 'இருப்பினும்', 'மேற்கண்ட காரணங்களால்' என்று வாக்கியங்களைக் கோத்து ஒரு பக்கம் எழுதச் சொன்னால் பலருக்குக் கை நின்றுவிடுகிறது. ஆங்கிலத்தில் சொல்லவே வேண்டாம்.

அதனால் நான் சொல்வது, பணம் கட்டுவதற்கு முன் ஆறு மாதம் எடுத்துக்கொள்ளுங்கள். அதுதான் உங்கள் பவுண்டேஷன். இங்கே யாரும் அதை உங்களுக்கு நடத்தப்போவதில்லை, சான்றிதழும் கிடையாது. தினமும் ஒரு மலாய்ச் செய்தி, ஒரு ஆங்கிலச் செய்தி. படித்ததும் மூடி வைத்துவிட்டு ஐந்து வரியில் உங்கள் சொல்லில் எழுதுங்கள். வாரம் ஒருமுறை ஒரு முழுப் பக்கம், கையால். தெரியாத சொல்லுக்கெல்லாம் அகராதி பார்க்க வேண்டாம். மூன்றாவது முறை கண்ணில் படுகிற சொல்லுக்கு மட்டும் பாருங்கள். எழுதியதை யாராவது திருத்த வேண்டும். ஊரில் ஓய்வுபெற்ற ஆசிரியர் இல்லாத தெரு இல்லை. போய்க் கேளுங்கள், பெரும்பாலோர் மகிழ்ச்சியாகச் செய்வார்கள். இரண்டாவது வாரத்தில் உங்களைத் தங்கள் பழைய மாணவன் மாதிரி திட்டவும் செய்வார்கள்.

ஆறு மாதம் இதைச் செய்ய முடியவில்லை என்றால் அது ஒரு தகவல். நேரமோ மனமோ இப்போது இல்லை என்று அர்த்தம், பணம் கட்டாமல் தெரிந்துகொண்டீர்கள்.

அப்புறம், எஸ்பிஎம் மலாயில் கிரெடிட் இல்லாத மலேசிய மாணவர் உயர்கல்வியில் 'பஹாசா கெபாங்சாஆன் ஏ' (தேசிய மொழி) என்ற பாடத்தைக் கட்டாயம் எடுக்க வேண்டும். அதைக் கடைசி வருடத்துக்குத் தள்ளாமல் ஆரம்பத்திலேயே முடித்துவிடுங்கள்.

தனித் தேர்வராக எஸ்பிஎம் எழுதிவிட்டு வருவது நல்லதா, நேராக ஏபெலா?

எதற்காகப் படிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. இருக்கிற கம்பெனியில் சூப்பர்வைசராக உயர வேண்டும், அல்லது சொந்தத் தொழில் என்றால் ஏபெல் போதும்.

அரசு வேலை, பள்ளி ஆசிரியர் என்ற எண்ணம் மனதின் ஓரத்திலாவது இருந்தால் எஸ்பிஎம் மலாய் கிரெடிட் இல்லாமல் நகர முடியாது. டிகிரி கையில் இருந்தும் இந்த ஒரு கிரெடிட்டுக்காக நின்றுபோனவர்கள் இருக்கிறார்கள். தனித் தேர்வர் எல்லாப் பாடத்தையும் எழுத வேண்டியதில்லை. ஏற்கெனவே எஸ்பிஎம் வைத்திருப்பவர் மலாய் மட்டும் மீண்டும் எழுதலாம். புதிதாக எஸ்பிஎம் சான்றிதழே வேண்டும் என்பவர் மலாயோடு வரலாற்றிலும் தேற வேண்டும். 2013 முதல் அப்படி.

என் தேர்வைக் கேட்டால், 40 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் ஏபெல் வழியில் சேர்ந்துகொண்டு பக்கத்திலேயே எஸ்பிஎம் மலாயையும் எழுதிவிடட்டும். இரண்டுக்கும் படிப்பது ஒரே மலாய்தான்.

டிப்ளோமாவா, டிகிரியா?

எஸ்பிஎம் கிரெடிட் இல்லாதவருக்கு டிப்ளோமா என்பதே என் பதில். இதில் என்னோடு சண்டை போடுகிறவர்கள் அதிகம். '21 தாண்டினால் நேராக டிகிரி போகலாம் என்று விளம்பரமே போடுகிறார்களே, எதற்கு இரண்டு வருடத்தை வீணாக்க வேண்டும்' என்பார்கள். போகலாம்தான். ஆனால் டிப்ளோமா 90 பாடக் கிரெடிட், டிகிரி குறைந்தது 120 பாடக் கிரெடிட். பாதியில் நிற்க நேர்ந்தால் டிகிரிக்காரர் கையில் ஒன்றும் இருக்காது. டிப்ளோமா முடித்தவர் கையில் ஒரு தகுதி இருக்கும். மேலே டிகிரிக்குப் போனால் அதில் படித்த சில பாடங்களைக் கழித்தும் தருவார்கள். பாலர் பள்ளியில் வேலை செய்கிற பெண்களுக்கு இதில் யோசிக்கவே வேண்டியதில்லை. அந்தத் துறையில் முதலில் கேட்பதே டிப்ளோமாதான்.

ஏபெலிலேயே 'சி' என்று இன்னொரு பிரிவு இருக்கிறது. அது சேர்ந்த பிறகு வருவது. ஒரு பாடத்தில் உள்ளது உங்களுக்கு வேலையிலேயே தெரியும் என்று சவால் தேர்வு எழுதியோ கோப்புக் கொடுத்தோ நிரூபித்தால், அந்தப் பாடத்தைப் படிக்காமலே கிரெடிட் பெறலாம். சேர்ந்த முதல் மாதத்திலேயே இதைக் கேளுங்கள். கேட்காதவருக்கு யாரும் கூப்பிட்டுச் சொல்வதில்லை.

வேலையும் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் படிக்க வேண்டும்? உண்மையைச் சொல்லுங்கள்.

எம்கியூஏ கணக்குப்படி ஒரு பாடக் கிரெடிட் என்பது 40 மணி நேரக் கற்றல். வகுப்பு, வாசிப்பு, இடுபணி, தேர்வு எல்லாம் அதில் அடக்கம். மூன்று கிரெடிட் பாடம் ஒன்றுக்கு 120 மணி. 14 வார செமஸ்டர் என்றால் ஒரு பாடத்துக்கு வாரம் எட்டரை மணிக்குச் சற்று மேலே வருகிறது. இரண்டு பாடம் எடுத்தால் 17 மணி.

அந்த 17 மணியை உங்கள் வாரத்தில் எங்கே வைப்பீர்கள்? ஒரு தாளில் ஏழு நாளையும் கோடு போட்டு, ஷிஃப்ட், பயணம், சமையல், தூக்கம், ஓ.டி. எல்லாம் எழுதுங்கள். மிச்சம் இருப்பது எவ்வளவு என்று தெரிந்துவிடும். பெரும்பாலான மில் தொழிலாளிகளுக்கு இரண்டு பாடம் போதும், மூன்று பேராசை. வருடத்துக்கு மூன்று செமஸ்டர், செமஸ்டருக்கு இரண்டு பாடம் என்றால் வருடத்துக்கு 18 கிரெடிட். டிப்ளோமா ஐந்து வருடம் ஆகும், டிகிரி ஆறரை வருடத்துக்கு மேல். மூன்று பாடம் எடுத்தால் டிகிரி நாலரை வருடத்தில் முடியும். 'மூன்றே வருடத்தில் டிகிரி' என்று பேனரில் இருப்பது முழுநேரமாகப் படிக்கிறவரின் கணக்கு.

செம்பனை வேலையில் இருப்பவர்கள் இன்னொன்றையும் பாருங்கள். ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை குலை அதிகம் வரும் காலம். மில் நிற்காது, ஓ.டி. வேண்டாம் என்றாலும் விடமாட்டார்கள். அது முடிவதற்குள் தீபாவளி. அந்த செமஸ்டரில் ஒரே ஒரு பாடம் எடுங்கள், அல்லது விடுப்புக் கேளுங்கள். செமஸ்டர் விடுப்பு எடுப்பதை அவமானமாக நினைத்து, பாடத்தை எடுத்துவிட்டுத் தேர்வுக்கே போகாமல் இருந்தவர்களுக்குப் பணமும் போனது, மதிப்பெண் பட்டியலில் தோல்வியும் ஏறியது.

பணத்துக்கு என்ன வழி?

முதலில் இபிஎஃப். 2024 மே மாதத்திலிருந்து கணக்கு மூன்றாகப் பிரிந்திருக்கிறது. அதில் செஜாத்ரா கணக்கிலிருந்து டிப்ளோமா அல்லது அதற்கு மேற்பட்ட படிப்புக்கு எடுக்கலாம். உங்கள் படிப்புக்கும் எடுக்கலாம், பிள்ளையின் படிப்புக்கும் எடுக்கலாம். சர்டிஃபிகேட் படிப்புக்கு இது கிடைக்காது. எடுக்கலாம் என்பதற்காக மொத்தத்தையும் எடுக்காதீர்கள், செமஸ்டர் செமஸ்டராக எடுங்கள். வயதான காலத்துக்கான பணம் அது.

அரசின் உயர்கல்விக் கடன் நிதியான பிடிபிடிஎன் கடனுக்கு வயது வரம்பு 45. விண்ணப்பிக்கும் நாளில் அதைத் தாண்டியிருக்கக்கூடாது. படிப்பு எம்கியூஏ அங்கீகாரம் பெற்றதாக இருக்க வேண்டும், பெயரில் ஒரு எஸ்எஸ்பிஎன் சேமிப்புக் கணக்கும் வேண்டும். ஏபெல் வழியில், பகுதிநேரமாகச் சேர்கிறவர்கள் பல்கலைக்கழகம் 'கிடைக்கும்' என்று வாயால் சொல்வதை நம்பிக் கையெழுத்துப் போட வேண்டாம். உங்கள் படிப்பின் பெயரைச் சொல்லி பிடிபிடிஎன்னிடமே எழுத்தில் பதில் வாங்குங்கள். கடன் கிடைத்தால் படிப்பு முடிந்த ஒரு வருடத்தில் திருப்பிக் கட்டத் தொடங்க வேண்டியிருக்கும் என்ற எண்ணத்தோடு வாங்குங்கள்.

நம் சமூகத்துக்குள் மஇகாவின் (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) கல்விக் கரமான எம்ஐஇடி 1984 முதல் கல்விக் கடன் கொடுத்து வருகிறது. வீட்டில் யாராவது தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் பழைய உறுப்பினரா என்று பாருங்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960-இல், நம் ஊர் எம்பியாக இருந்த துன் சம்பந்தன் தொழிலாளிகளிடம் மாதம் பத்து வெள்ளி திரட்டி ஆரம்பித்தது. தாத்தாவின் பங்குச் சான்றிதழ் அலமாரியில் கிடக்கும், யாருக்கும் தெரியாது. அது இருந்தால் உறுப்பினர் குடும்பத்துக்கு என்ன கல்வி உதவி இருக்கிறது என்று விசாரிக்கலாம்.

முதலாளியையும் கேளுங்கள். 'கொடுக்கமாட்டார்' என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். கட்டணம் தராவிட்டாலும் தேர்வு வாரத்தில் பகல் ஷிஃப்டாவது தரலாம்.

ஒருவர் வந்து, டிகிரி 'நேரடியாக' எடுத்துத் தருகிறேன், தேர்வே வேண்டாம் என்கிறாரே?

வேண்டாம். எந்தப் படிப்பாக இருந்தாலும் அதன் பெயர் எம்கியூஆர் என்ற அரசுப் பதிவேட்டில் இருக்கிறதா என்று இணையத்தில் பாருங்கள். அதைப் பார்க்கப் பணம் கட்ட வேண்டியதில்லை. பல்கலைக்கழகத்தின் பெயர் மட்டும் இருந்தால் போதாது, நீங்கள் சேரும் படிப்பின் பெயரும் அதில் இருக்க வேண்டும்.

எங்கே சேரலாம்?

பெரியவர்களுக்கென்றே ஆரம்பித்த திறந்த பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. 2000-இல் தொடங்கிய மலேசியத் திறந்த பல்கலைக்கழகமும், பினாங்கிலுள்ள வாவாசான் திறந்த பல்கலைக்கழகமும் எல்லாருக்கும் தெரிந்தவை. பெரும்பாலான பாடம் இணையத்தில். மற்ற தனியார், பொதுப் பல்கலைக்கழகங்களிலும் சில படிப்புகளுக்கு ஏபெல் ஏற்கிறார்கள். கட்டணப் பட்டியல் வாங்கும்போது செமஸ்டர் கட்டணத்தோடு பதிவு, தேர்வு, பாடத்தை மறுபடி எடுக்கும் கட்டணம் மூன்றையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

நர்ஸ், வக்கீல், டாக்டர் ஆக முடியுமா?

மருத்துவம், தாதிமை, சட்டம், பொறியியல் போன்றவற்றில் அந்தந்தத் தொழில் மன்றம் வைக்கும் தகுதி விதி தனி. ஏபெல் சான்று இருந்தாலும் அதைத்தான் பார்ப்பார்கள். சேர்வதற்கு முன் மன்றத்திடம் கேளுங்கள், கல்லூரி கவுன்டரில் கேட்காதீர்கள்.

எனக்கு டிகிரியெல்லாம் வேண்டாம். மில்லில் 15 வருடம் ஃபிட்டர். அதற்கு ஒரு பேப்பர் கிடைத்தால் போதும்.

அப்படியானால் பல்கலைக்கழகம் உங்களுக்கான வழி இல்லை, எஸ்கேஎம்தான் வழி. மனிதவள அமைச்சின் திறன் மேம்பாட்டுத் துறை கொடுக்கும் மலேசியத் திறன் சான்றிதழ். அதில் பிபிடி என்று ஒரு முறை இருக்கிறது. வகுப்பில் உட்காராமலேயே, செய்துவந்த வேலைக்கான ஆதாரங்களைக் கொடுத்து, மதிப்பீட்டாளர் நேரில் சோதித்துச் சான்றிதழ் தருவது. மூன்றாம் நிலை வரை எஸ்கேஎம், நான்காம் நிலை டிப்ளோமா, ஐந்தாம் நிலை உயர் டிப்ளோமா. கையால் வேலை தெரிந்தவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்வேன். சம்பளத்தில் இதன் பலன் டிகிரியைவிடச் சீக்கிரம் தெரியும். பின்னால் படிக்க நினைத்தால் ஏபெல் கோப்பில் இதைவிட வலுவான பக்கம் கிடைக்காது.

தமிழிலேயே படிக்க வழி உண்டா?

குறைவு. மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறையும், தஞ்சோங் மாலிம் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்தின் தமிழ்க் கல்விப் படிப்பும் இருக்கின்றன. ஆனால் பொதுப் பல்கலைக்கழகங்களுக்கு எஸ்டிபிஎம் போன்ற தகுதியோடு போட்டி போட்டுப் போக வேண்டும். எஸ்டிபிஎம்மைத் தனித் தேர்வராக எழுதலாம், அதில் தமிழும் ஒரு பாடம். தமிழ்நாட்டுத் தொலைநிலைப் பட்டங்கள் மனநிறைவுக்கு நல்லவை. வேலைக்காக என்றால் இங்கே அங்கீகாரம் உண்டா என்று பார்த்த பிறகு சேருங்கள்.

வீட்டில், 'இந்த வயசில் உனக்கு எதுக்கு' என்கிறார்கள்.

பெண்கள்தான் இதைக் கேட்கிறார்கள். ஆண்கள் படிக்கப் போகிறேன் என்றால் வீட்டில் டீ போட்டுக் கொடுக்கிறார்கள். நியாயம் பேசிப் பயனில்லை, ஏற்பாடு பேசுங்கள். எந்த இரண்டு இரவு சமையல் உங்களுடையது இல்லை, தேர்வு வாரத்தில் பிள்ளையை டியூஷனுக்கு யார் கொண்டுபோய் விடுவது என்று தேதி போட்டுக் கேளுங்கள். 'ஆதரவு கொடுங்கள்' என்று கேட்டால் எல்லாரும் தலையாட்டுவார்கள், செவ்வாய்க்கிழமை சோறு நீங்கள்தான் வடிக்க வேண்டும். சொந்தக்காரர்களிடம் முதல் செமஸ்டர் முடியும்வரை சொல்லாமல் இருந்தாலும் குற்றமில்லை. கல்யாண வீட்டில் ஒவ்வொருவரும் 'பரீட்சை என்ன ஆச்சு' என்று கேட்பது பரீட்சையைவிடக் கொடுமை.

அதே படிப்பில் இன்னொருவர் ஊரில் இருந்தால் பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டு பேர் சேர்ந்து படித்தால் ஒருவர் சோர்ந்தபோது மற்றவர் வாட்ஸ்அப்பில் திட்டுவார்.

தோட்டத்தில் லைன் சரியில்லை. லேப்டாப் வேறு இல்லை.

கைப்பேசியில் பாடம் கேட்கலாம், இடுபணி எழுத முடியாது. பழைய லேப்டாப் ஒன்று போதும். ஆன்லைன் தேர்வு நாளில் மட்டும் தோட்டத்தை நம்பாதீர்கள். பட்டணத்தில் உறவுக்காரர் வீட்டில் உட்கார்ந்து எழுதுங்கள்.

என் மகனும் இந்த வருடம் எஸ்பிஎம். இருப்பது ஒரு பணம். அவனா, நானா?

மகன். ஆனால் ஒரு நிபந்தனையோடு. அவன் மெட்ரிக்குலேஷனோ ஆறாம் படிவமோ போனால் செலவு குறைவு. அந்த வருடங்களில் உங்கள் ஆறு மாத வாசிப்பையும் கோப்பையும் முடித்துவிடுங்கள், அதற்குப் பணம் தேவையில்லை. அவன் தனியார் கல்லூரிதான் என்றால் முதலில் அவனுக்குப் பிடிபிடிஎன் போட்டுவிட்டு, செஜாத்ரா கணக்கில் உங்கள் முதல் இரண்டு செமஸ்டருக்கான தொகையைத் தொடாமல் வைத்திருங்கள். உங்களுக்கு 43, 44 வயது என்றால் மட்டும் கணக்கு மாறுகிறது. பிடிபிடிஎன் வயது வரம்பு உங்களுக்கு நெருங்குகிறது, அவனுக்கு இன்னும் இருபத்தைந்து வருடத்துக்கு மேல் இருக்கிறது. அப்போது உங்கள் விண்ணப்பம் முதலில் போகட்டும்.

வரும்போது அடையாள அட்டை, பள்ளிச் சான்றிதழ், இபிஎஃப் பதிவு மூன்றின் நகலையும் கொண்டுவாருங்கள். மகனையும் கூட்டிவாருங்கள், பாரத்தை அவனே டைப் செய்யட்டும்.